இருநூற்றுப் பதினோராம் கேள்வி

அந்த அலுவலகத்தில் அவளுக்கு ரூல்ஸ் அக்கா என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளும் அதைப் பட்டம் போல வாங்கி வைத்துக்கொண்டாள். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுப் பதிவு செய்துகொண்டு வருவதுதான் அங்கே எல்லாருக்கும் பிழைப்பு. வீட்டில் எத்தனை பேர், குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, உங்களுக்குப் பிறந்த குழந்தைகள் எத்தனை, இருப்பது எத்தனை, போனது எத்தனை. நாட்டில் ஐந்து வயதுக்குள் எத்தனை குழந்தைகள் சாகின்றன என்ற கணக்கு, கடைசியாகச் சொன்ன அந்தக் கேள்விகளிலிருந்துதான் பிறக்கிறது. மற்றவர்கள் கேள்வியைச் சுருக்குவார்கள், பாதியை விழுங்குவார்கள், பதில் தெரிந்த மாதிரி இருந்தால் கேட்காமலே குறித்துக்கொள்வார்கள். இவள் ஒரு சொல் பிசகாமல் படிப்பாள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று ஒருத்தி எழுந்து ஓடினால், "நீங்க பாலை இறக்கிட்டு வாங்கம்மா, நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அவள் திரும்பி வந்ததும் கேள்வியை முதல் சொல்லிலிருந்து மறுபடி ஆரம்பிப்பாள். பால் பொங்கினதே தேவலாம் என்று அந்த அம்மாள் நினைத்திருப்பாள்.

இருநூற்றுப் பதினோராம் கேள்வியைக் கேட்கத்தான் எல்லாருக்கும் கூசும். "உயிருடன் பிறந்து, பிறகு இறந்துபோன ஆண் குழந்தையோ பெண் குழந்தையோ உங்களுக்கு உண்டா?" இல்லை என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடக் கூடாது. "பிறந்ததும் அழுத, மூச்சு விட்ட குழந்தை, கொஞ்ச நேரமே வாழ்ந்திருந்தாலும்கூட, உண்டா?" என்று இன்னொரு முறை கேட்க வேண்டும். உண்டு என்றால் பெயர் கேட்க வேண்டும், இறந்தபோது என்ன வயது என்று கேட்க வேண்டும். "ஒரு வயசு இருக்கும்" என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். இரண்டு வயதுக்குள் என்றால் மாதக் கணக்கில் எழுத வேண்டும் என்பது விதி. பதினொன்றா, பன்னிரண்டா, பதிமூன்றா என்று கேட்டே ஆக வேண்டும். ஒரு தாயிடம் போய் இதையெல்லாம் எப்படித் துருவுவது என்று புதிதாக வேலைக்கு வந்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுப்பார்கள். ரூல்ஸ் அக்கா தாயின் முகத்தைப் பார்த்துக் கேட்பாள். அழுதால் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பாள்.

பதினோரு வருடமாக அவளோடு ஜோடி சேர்ந்து தெருத் தெருவாக நடந்தவளுக்குக் குடை என்று பெயர். ஆண்கள் வைத்திருப்பது போன்ற பெரிய கறுப்புக் குடை ஒன்றை வெயிலோ மழையோ விடாமல் தூக்கிக்கொண்டு அலைவாள். வேலையில் படுவேகம். ரூல்ஸ் அக்கா ஒரு வீட்டை முடிப்பதற்குள் குடை மூன்று வீட்டை முடித்துவிட்டு, நாலாவது வீட்டில் டீயும் குடித்திருப்பாள். "ஒரு முகத்தைப் பார்த்தா பத்து கேள்விக்குப் பதில் எனக்கே தெரியும்" என்பாள். இந்த விஷயத்தில் இருவருக்கும் வாரம் ஒரு சண்டை. ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பகிர்ந்துதான் சாப்பிடுவார்கள். வேலை செய்யும் ஊரில் ரூல்ஸ் அக்காவுக்கு நெருக்கமானவள் என்று சொன்னால் இந்தக் குடை ஒருத்திதான்.

அந்த வருடக் கணக்கெடுப்பில் குலுக்கலில் வந்த வீடுகளின் பட்டியல் பலகையில் ஒட்டப்பட்டபோது முதலில் பார்த்தவளும் குடைதான். "அக்கா! இங்க வந்து பாரு. உன் தெரு வந்திருக்கு. உன் வீட்டு நம்பரே வந்திருக்கு!"

அலுவலகமே கூடிச் சிரித்தது. சூப்பர்வைசர், அவளைவிடப் பத்து வயது சின்னவர், தலையைச் சொறிந்தார். "நம்ம ஆள் வீட்டை விட்டுட்டுப் பக்கத்து வீட்டைப் போட்டுக்கலாமா அக்கா?"

"குலுக்கல்ல வந்த வீட்டை மாத்தக் கூடாது சார்."

"அப்ப யாரை அனுப்புறது? தெரிஞ்சவங்க வீட்டுக்குத் தெரிஞ்சவங்க போகக் கூடாதுன்னும் நீங்கதான் சொல்லுவீங்க. உங்களைத் தெரியாதவங்க இங்க யாரு இருக்கா?" என்றவர், பட்டியலைத் தட்டி அந்த வீட்டைக் குடையிடம் கொடுத்துவிட்டார். "நீயே போயிட்டு வந்துடு. வியாழக்கிழமை."

 ரூல்ஸ் அக்கா சிரிக்கிறவர்களோடு தானும் சிரித்துவிட்டு, ஆளில்லாத மூலையாகப் பார்த்துப் போய் நின்றாள். பதினைந்து வயதிலிருந்து நாற்பத்தொன்பது வயது வரை உள்ள பெண்களிடம்தான் குழந்தைகளைப் பற்றிக் கேட்பார்கள். ஐம்பது முடிந்துவிட்டால் நீ எத்தனை பெற்றாய், எத்தனை பறிகொடுத்தாய் என்று எந்தக் கணக்கெடுப்பும் உன்னைக் கேட்காது. அவளுக்கு ஐம்பது நிறைய இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

அவளுக்கு ஒரே ஒரு மகள் என்பதுதான் ஊருக்குத் தெரிந்தது. வேறு ஊரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள், இருபது வயது. அந்த மகளுக்கு முன்னால் ஒரு மகன் இருந்தான். பதினான்கு மாதம் இருந்தான்.

முதலில் இருமல், அப்புறம் வயிற்றுப்போக்கு, அப்புறம் மறுபடி இருமல். மூன்று முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்றாவது முறை தூக்கிக்கொண்டு போனவள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். எதனால் என்று யாருக்கும் தெரியவில்லை, அல்லது தெரிந்தவர்கள் சொல்லவில்லை. மூன்று வருடம் கழித்து அடுத்த குழந்தை வயிற்றில் வந்தபோது அதே ஆஸ்பத்திரியின் பின்பக்கம் பச்சைக் கதவு போட்ட ஓர் அறை புதிதாகத் திறந்திருந்தார்கள். கர்ப்பிணிகள் எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அங்கேதான் நர்ஸ் கதவைச் சாத்திவிட்டு, எச்.ஐ.வி. என்று மெதுவாகச் சொன்னாள். கூடவே, பயப்படாதே, மாத்திரை இருக்கிறது என்றாள். இவளுக்கு மாத்திரை. பிறந்ததும் குழந்தைக்குச் சொட்டு மருந்து, ஆறு வாரம். அப்புறம் சோதனை, பதினெட்டாம் மாதத்தில் இன்னொரு சோதனை. மகளுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை. அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அவள் அழுத அழுகை சந்தோஷ அழுகை என்று நர்ஸ் நினைத்தாள். மகன் பிறந்தபோது இந்தப் பச்சைக் கதவு எங்கே இருந்தது என்ற அழுகை அது.

கணவன் பச்சைக் கதவுக்கு வர மறுத்தான், வந்தபோது காலம் கடந்திருந்தது. அவனும் போன பிறகு, இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு யாருக்கும் தன்னைத் தெரியாத இந்த ஊருக்கு வந்தாள். வீட்டுக்காரர் எத்தனை குழந்தைங்க என்று கேட்டார். ஒண்ணு என்றாள். இரண்டு என்று சொன்னால் இன்னொன்று எங்கே என்பார். எங்கே என்று சொன்னால் எப்படி என்பார். வாடகைக்கு வீடு வேண்டும் என்று அன்றைக்குச் சொன்ன அந்த ஒண்ணு, பள்ளிக்கூடத்திலும் வேலை விண்ணப்பத்திலும் பக்கத்து வீட்டிலும் ஒண்ணாகவே நிலைத்துவிட்டது. மகள் பெரியவளானதும் மாத்திரை விஷயத்தைச் சொன்னாள். அண்ணன் விஷயத்தைச் சொல்லவில்லை. உனக்குக் கிடைத்தது அவனுக்குக் கிடைக்கவில்லை என்று சொன்னால் பிள்ளை மனசில் பாரமாக ஏறிவிடும் என்று தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டாள். உள்ளே கிடந்த காரணம் வேறு. தன் உடம்பிலிருந்து அவனுக்குப் போனது, தான் கொடுத்த பாலில் போனது. அதைப் பெற்ற மகளிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

பதிமூன்று வருடத்துக்கு முன்னால் ஒருமுறை அவள் வீட்டுக்கும் கணக்கெடுப்புக்காரி வந்திருக்கிறாள். அப்போது இவள் இந்த வேலையில் இல்லை. ஏழு வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வந்தவள் அவளை வெளியே போகச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "செத்துப்போன குழந்தை எதுவும் இல்லைல்ல?" என்று பாதியை முழுங்கிக் கேட்டாள். இல்லை என்று இவளும் சொல்லிவிட்டாள். அந்த இல்லை பதிவாகி, கூட்டலில் சேர்ந்து, நாட்டுக் கணக்காகி அச்சாகியும் விட்டது. கேள்வியை ஒழுங்காகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று அவள் அன்றைக்கு நினைத்தாள். அடுத்த வருடமே இந்த வேலைக்கு மனுப் போட்டாள். ரூல்ஸ் அக்கா என்று சிரித்தவர்களில் ஒருவருக்காவது இந்தக் கதை தெரியுமா என்றால், தெரியாது.

புதன்கிழமை மத்தியானம் அலுவலகத்தில் ஒரு கூட்டம். தலைநகரிலிருந்து வந்த அதிகாரியம்மா சுவரில் ஒரு கோட்டைக் காட்டிப் பேசினார். குழந்தைச் சாவு விகிதத்தின் கோடு. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் அது மேலே ஏறுகிறது. எச்.ஐ.வி. சோதனையும் தாய்மார்களுக்கு மாத்திரையும் எல்லா ஆஸ்பத்திரிக்கும் வந்த பிறகு ஒரு வளைவு வளைந்து இறங்குகிறது. "இந்த இறக்கம் உங்க உழைப்பாலதான் நமக்குத் தெரியுது" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அப்புறம் அவர் கோட்டின் மேட்டில் விரலை வைத்தார். "ஆனா நிஜத்துல இந்த மேடு இன்னும் உயரமா இருந்திருக்கணும். நாம உயிரோட இருக்கிற அம்மாக்களைத்தான் கேக்குறோம். அந்தக் காலத்துல குழந்தை போன கொஞ்ச நாள்ல அம்மாவும் போயிட்டாங்க. அந்தக் குழந்தைங்களைப் பத்திச் சொல்ல ஆள் இல்ல."

பிஸ்கட் தட்டு வந்தது. ரூல்ஸ் அக்கா எடுக்கவில்லை. பச்சைக் கதவுக்கு வெளியே பெஞ்சில் தன்னோடு உட்கார்ந்திருந்த பெண்களை நினைத்துக்கொண்டாள். சிவப்புச் செருப்புக்காரி, எப்போதும் தூங்கி விழுகிறவள், இரட்டைக் குழந்தைக்காரி. ஒவ்வொருத்தியாக வராமல் போனார்கள். அவர்களுக்குச் சொல்ல வாய் இல்லை. தனக்கு வாய் இருக்கிறது, மகள் பிறந்ததால் கோட்டின் இறக்கத்தில் பெருமையாக ஓர் இடமும் இருக்கிறது, ஆனால் அந்த மேட்டில் இருக்க வேண்டியவனைத் தன் கையாலேயே அழித்துவிட்டு நிற்கிறோம் என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது. பக்கத்தில் குடை நாலாவது பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டாள். வீட்டில் இரண்டு நாற்காலி. ஒன்றில் அவள் உட்காருவாள், இன்னொன்றில் துவைத்த துணி உட்காரும். மகள் ஹாஸ்டலுக்குப் போன இரண்டு வருடமாக அந்தத் துணிக்கு எழுந்திருக்கும் வேலையே வரவில்லை. துணியை எடுத்து உள்ளே போட்டுவிட்டு நாற்காலியைத் துடைத்தாள். மாத்திரை டப்பாவை வழக்கம்போல அலமாரியில் பாத்திரங்களுக்குப் பின்னால் தள்ளினாள். பிறகு நடு அறையில் நின்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். "ஆமா. ஒரு பையன்." அவளுடைய குரல் அவளுக்கே வேற்றாள் குரலாகக் கேட்டது. இன்னொரு தரம் சொன்னாள். தனியாக இருக்கும் வீட்டில் இதையெல்லாம் எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்லலாம், கேட்கத்தான் ஆள் இல்லை.

குடை மூன்று மணிக்கு வந்தாள். குடையை வாசலில் விரித்து வைத்தாள், செருப்பை உதறினாள், துடைத்த நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள். "அப்பாடா! என்னா வெயிலு. டீ போடு முதல்ல."

டீ வந்தது. குடை பதில்களைப் பதியும் டேப்லட்டைத் திறந்து கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனாள். "கவலைப்படாத அக்கா, பஸ்ல வரும்போதே பாதி முடிச்சிட்டேன். உன் வயசு, படிப்பு, வேலை. பொண்ணு ஒண்ணு, வெளியூர்ல. இறந்தது சைபர். இதெல்லாம் உன்னைக் கேட்டாத்தான் தெரியணுமா? பதினோரு வருஷமா உன் சாப்பாட்டுல பாதி என் வயித்துலதான் போகுது. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதது என்ன இருக்கு?"

ரூல்ஸ் அக்கா எதிரே நின்றாள். இதுதான் நேரம், சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை.

"தரை சிமெண்ட். கூரை தகரம். தண்ணி குழாய்த் தண்ணிதானே?"

"குழாய்தான்" என்றாள்.

குழாய் என்று சொல்ல மட்டும் வாய் வந்தது. அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பதிமூன்று வருடமாக அந்தக் கணக்கெடுப்புக்காரி மேல் பழியைப் போட்டோமே, கேள்வியை ஒழுங்காகக் கேட்கவில்லை என்று. இப்போது எதிரே இருப்பது உயிர்த் தோழி. பக்கத்தில் மகளும் இல்லை. இப்போதும் வாய் அடைக்கிறது என்றால் குற்றம் யாருடையது?

குடை டீயைக் குடித்து முடித்தாள். "முடிஞ்சுது. பதினெட்டு நிமிஷம். ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லிடாத, ரூல்ஸ் அக்கா வீட்டையே பதினெட்டு நிமிஷத்துல முடிச்சவன்னு எனக்குச் சிலை வெச்சிடுவாங்க." எழுந்தாள், செருப்பை மாட்டினாள், குடையை மடக்கினாள். "நெட் இல்ல இங்க. ஆபீஸ் போய் அனுப்பிடுறேன். நாளைக்குப் பாக்கலாம்."

அவள் இரண்டு படி இறங்கினாள். இன்னும் மூன்று படி இருந்தது. அப்புறம் தெரு, அப்புறம் பஸ், அப்புறம் ஐம்பது வயது.

"இங்க வா" என்றாள் ரூல்ஸ் அக்கா. "வந்து உக்காரு. இருநூத்திப் பதினொண்ணைப் படி."

குடை திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "ஆரம்பிச்சுட்டியா? உன் வீட்லயுமா?"

"எழுதியிருக்கிறபடி படி. என் மூஞ்சியைப் பார்த்துப் படி."

குடையின் சிரிப்பு பாதியில் நின்றது. ரூல்ஸ் அக்கா உட்கார்ந்துகொள்ள, குடை செருப்பைக் கழற்றாமலே வந்து எதிரே உட்கார்ந்தாள். டேப்பைத் திறந்தாள், பின்னால் தள்ளினாள். "உயிருடன் பிறந்து," என்று ஆரம்பித்தவள், நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு, நிதானமாகப் படித்தாள். "உயிருடன் பிறந்து, பிறகு இறந்துபோன ஆண் குழந்தையோ பெண் குழந்தையோ உங்களுக்கு உண்டா?"

பதினோரு வருடத்தில் குடை அவளிடம் உங்களுக்கு என்று சொன்னது அதுதான் முதல் முறை.

"உண்டு. ஒரு பையன்."

வாசலில் சைக்கிள் மணி ஒன்று அடித்துக்கொண்டு போனது. குடை டேப்பை மடியில் கவிழ்த்துவிட்டு அவளையே பார்த்தாள். "அக்கா, என்னக்கா சொல்ற? எப்பக்கா? எப்படி?"

எப்படி என்று ஃபார்மில் கேள்வி இல்லை. பிறந்த தேதி இருக்கிறது, பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது. எதனால் என்பது கிடையாது. அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். பதினோரு வருடம் எல்லாருக்கும் விதியைச் சொன்னவளுக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. அவள் எழுந்து போய், பாத்திரங்களுக்குப் பின்னாலிருந்த டப்பாவை எடுத்து வந்து குடையின் கையில் வைத்தாள்.

"நான் உன்கிட்ட சொன்ன மாதிரி இது பிரஷர் மாத்திரை இல்லடி. எச்.ஐ.வி.க்கு. அவன் வயித்துல இருந்தப்ப எனக்கு இது இருக்குன்னு யாருக்கும் தெரியாது. பால் குடுத்தேன். பொண்ணுக்கு மருந்து வந்துடுச்சு. அவனுக்கு வரல. மூணு வருஷம் பிந்திடுச்சு."

 குடை டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை மெதுவாக மேஜையில் வைத்தாள். "என்கிட்டக்கூட சொல்லலையே அக்கா" என்றாள். கோபமா வருத்தமா என்று பிரிக்க முடியவில்லை.

"நீ கேக்கலையே."

அது நியாயமான பதில் இல்லை என்று ரூல்ஸ் அக்காவுக்கே தெரியும்.  குடை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், செருப்பைக் கழற்றினாள், டேப்பை நிமிர்த்தி முதல் பக்கத்துக்குப் போனாள். பஸ்ஸில் போட்டதையெல்லாம் அழித்துவிட்டு ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தாள். வயது என்ன? கடைசியாக எந்த வகுப்பு வரை படித்தீர்கள்? தனக்குத் தெரிந்த கேள்விகளையும் படித்தாள், ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. வாசலில் வெயில் படியை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

"உங்கள் முதல் குழந்தையின் பெயர் என்ன?"

சொன்னாள். இருபத்து மூன்று வருடமாக உதட்டுக்கு வராத பெயர். குடை எழுத்து எழுத்தாகக் கேட்டு அடித்தாள். கணக்கு மேலே போகும்போது பெயர்களை எல்லாம் எடுத்துவிடுவார்கள், வெறும் ஒன்று என்ற எண்தான் போகும். அது இருவருக்கும் தெரியும். இருந்தாலும் குடை ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். அந்தப் பெயரை அந்த ஊரில் இன்னொரு வாய் சொல்லிக் கேட்டதும் ரூல்ஸ் அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆணா, பெண்ணா?"

"ஆண்."

"இப்போது உயிருடன் இருக்கிறாரா?"

"இல்லை."

"இறந்தபோது அவருக்கு என்ன வயது?"

"ஒரு வயசு தாண்டி" என்று ஆரம்பித்தாள். ஆயிரம் தாய்மார்கள் சொல்லி அவள் ஒத்துக்கொள்ளாத அதே பதில் அவள் வாயிலும் வந்துவிட்டது. குடையின் கட்டைவிரல் பழக்கத்தில் பன்னிரண்டு என்று போட்டுவிட்டது.

ரூல்ஸ் அக்கா எட்டி அந்தக் கையைப் பிடித்தாள்.

"பன்னெண்டு இல்லடி. பதினாலு மாசம். அந்த ரெண்டு மாசத்துலதான் அவன் நடந்தான்."

குடை பன்னிரண்டை அழித்துவிட்டுப் பதினான்கு என்று போட்டாள்.